முப்பது லட்சம் மைல்

அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்று ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் இருந்தார். பையன்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பவர். 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி அவர் ஒரு மோட்டார் கார் வாங்கினார். ஸ்வீடன் தேசத்து வோல்வோ கம்பெனியின் பி-1800 என்ற ஜாதி, சிவப்பு நிறம். விலை 4,150 டாலர். அது ஏறக்குறைய அவருடைய ஒரு வருஷச் சம்பளம். ஒரு வருஷச் சம்பளத்தை முழுசாக எடுத்துக் கொண்டுபோய் ஒரு வண்டிக்குக் கொடுப்பது உபாத்தியாயர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம் அல்ல. கார்டன் செய்தார். செய்ததோடு நிற்காமல், வாங்கிய அந்த வார விடுமுறையிலேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு, முதல் சர்வீஸுக்கு வந்து நின்றார்.

அந்த வண்டி 2013-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், அலாஸ்கா பிரதேசத்துச் சாலை ஒன்றில், முப்பது லட்சமாவது மைலைக் கடந்தது.

முப்பது லட்சம் மைல் என்றால் சட்டென்று மனசில் பிடிபடாது. பூமியை நூற்றிருபது தடவை சுற்றி வரும் தூரம் அது. சந்திரனுக்குப் போய்த் திரும்பி வருவதானால் ஆறு தடவை போய் வந்துவிட்டு, கையில் கொஞ்சம் மைல் மிச்சமும் வைத்துக் கொள்ளலாம். நாற்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள் விடாமல் தினம் 170 மைலுக்குமேல் ஓடியிருக்க வேண்டும். அத்தனையும் ஒரே வண்டி, ஒரே சொந்தக்காரர்.

இப்படி ஒரு செய்தி வந்தால் பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ரகசியம் என்ன?" என்று போய்க் கேட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ரகசியம் ஒன்றும் இல்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எதை எப்போது செய்யச் சொல்லியிருந்ததோ, அதை அப்போது செய்தார். மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு மைலுக்கு ஒரு தடவை பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் குறைந்தது எண்ணூற்றைம்பது தடவை. எண்ணூற்றைம்பது தடவையும் அது அலுப்பான, கையை அழுக்காக்குகிற, யாரும் பாராட்டாத வேலை.

மோட்டாரின் சரித்திரத்தை எழுதினவர்கள் பந்தயங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கம்பெனி முதலாளிகளின் சண்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த எண்ணெய்க் கை வேலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது அவர்கள் கண்ணில் அதிகமாகப் படவில்லை. பார்க்கப் போனால், மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணமே இந்த வேலையின் கதைதான்.

கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி உரிமை கோரி மனுப் போட்டார். வண்டி ஓடிற்று. ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. பென்ஸுக்கோ, இன்னும் கொஞ்சம் திருத்தம், இன்னும் கொஞ்சம் திருத்தம் என்று பட்டறையை விட்டு வெளியே வர மனசில்லை. அவருடைய மனைவி பெர்த்தா அம்மாள் வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி அவருடைய தொழிலில் போட்டவள். போட்ட முதல் பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொண்டிருக்க எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் பொறுக்கும்?

1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, புருஷனிடம் சொல்லிக் கொள்ளாமல், பதினைந்து வயதும் பதின்மூன்று வயதுமான தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு, மான்ஹைம் நகரத்திலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு அந்த வண்டியில் கிளம்பிவிட்டாள். சுமார் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதற்குமுன் மோட்டார் வண்டி என்பது ஊருக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிற வஸ்துவாகத்தான் இருந்தது.

வழியில் நடந்ததையெல்லாம் பார்த்தால், இன்றைக்கு ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் படிப்பது போல இருக்கிறது. எரிபொருள் குழாய் அடைத்துக் கொண்டது; தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தாள். மின்சாரக் கம்பி உராய்ந்து உறை கிழிந்தது; காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டினாள். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை எடுப்பதற்காக விற்கிற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினாள். அந்த மருந்துக் கடைதான் உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் பெருமையடித்துக் கொள்கிறார்கள். சங்கிலி இழுபட்டது; புரூக்ஸாலில் ஒரு கொல்லனைப் பிடித்துச் சரி பார்த்தாள். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. சத்திரத்திலும் ஓடையிலும் கிடைத்த இடத்திலெல்லாம் மொண்டு ஊற்றினாள். மேட்டில் வண்டி ஏறவில்லை; பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பிரேக் விஷயம். மேட்டில் ஏறாத வண்டி இறக்கத்தில் ஓடத்தானே ஓடும்? மரக்கட்டையை சக்கரத்தின்மேல் அழுத்தி நிறுத்துகிற பிரேக் அது. இறக்கத்துக்கு இறக்கம் கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. பௌஷ்லாட் என்ற கிராமத்தில் பெர்த்தா அம்மாள் வண்டியை நிறுத்தி, ஒரு செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டைகளின்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னாள். பிரேக் முழுவதும் தேய்ந்து போவதற்கு முன்பே அதைச் செய்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடைத்த குழாயைக் குத்துவது ரிப்பேர். உடைந்த பிறகு எல்லோரும்தான் ரிப்பேர் செய்வார்கள். உடைவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துத் தோல் அடிக்கச் சொல்வது வேறு காரியம். அதற்கு வேறு மாதிரியான புத்தி வேண்டும்.

தாய் வீடு போய்ச் சேர்ந்ததும் புருஷனுக்குத் தந்தி கொடுத்தாள். திரும்பி வந்ததும் எங்கெங்கே என்னென்ன குறை என்று சொன்னாள். மேடு ஏறுவதற்காகப் பென்ஸ் பிற்பாடு இன்னொரு கியர் சேர்த்தார். பெர்த்தா அம்மாள் 1944-ல், 95 வயது நிறைந்து இரண்டு நாளில் காலமானாள்.

அதற்கப்புறம் இருபது வருஷ காலம் மோட்டார் வண்டி பணக்காரர்களின் சொத்தாக இருந்தது. பணக்காரர்கள் தொப்பி ஊசியை எடுத்துக் குழாயைக் குத்த மாட்டார்கள். அதற்கென்று ஒரு ஆள் வைத்துக் கொண்டார்கள். பிரெஞ்சு பாஷையில் அந்த ஆளுக்கு 'ஷோஃபர்' என்று பெயர். வண்டியை ஓட்டுகிறவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சூடேற்றுகிறவர், அடுப்பெரிக்கிறவர் என்று அர்த்தம். நீராவி வண்டியின் கொதிகலனை எரித்த ஆளின் பெயர் பெட்ரோல் வண்டிக்கும் வந்து ஒட்டிக் கொண்டது. பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது: ஓட்டுவது கடைசி வேலை. கிளம்புவதற்கு முன்னால் செய்கிறதுதான் வேலை. நம் ஊரில் அந்த வேலையையும் பிரித்து, டிரைவருக்குக் கீழே ஒரு கிளீனர் பையனை நியமித்தோம். வேலையைப் பிரித்து இன்னொருவர் தலையில் கட்டுவதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஆள் வைத்துக் கொள்ள வக்கில்லாதவர்கள் கையிலும் வண்டியைக் கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. 1908 முதல் 1927 வரையில் அவருடைய 'டி' மாடல் வண்டிகள் ஒன்றரைக் கோடி வெளிவந்தன. விவசாயியும் வைத்தியரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வாங்கினார்கள். வண்டி மலிவு, ஆனால் வேலை மலிவல்ல. கம்பெனியார் வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். வேதபாடம் மாதிரி கேள்வியும் பதிலுமாக எழுதிய புத்தகம். இதை எப்படிச் செய்வது, அதை எப்போது செய்வது என்று கேள்வியை அவர்களே கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு 'டி' மாடல் சொந்தக்காரரின் காலைப் பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். முன் ஆசனத்தைத் தூக்கினால் அதற்குக் கீழே பெட்ரோல் டாங்கி. எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியது. அப்புறம் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும். எண்ணெய் அளவு பார்க்க அங்கே மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்கள். கீழ்க் குழாயைத் திறந்து எண்ணெய் வராவிட்டால் ஆபத்து. மேல் குழாயில் வந்தால் அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சுபம். பிறகு அங்கங்கே இருக்கிற கிரீஸ் கிண்ணங்களின் மூடியை ஒரு திருகு திருக வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர். இவ்வளவும் ஆன பிறகு, 'ஸ்பார்க்' கைப்பிடியைத் தள்ளி வைத்துவிட்டு, முன்னால் வந்து நின்று ஹாண்டில் போட வேண்டும். ஸ்பார்க்கைத் தள்ளி வைக்க மறந்தவர்களுக்கு எஞ்சின் எதிர்த்து உதைத்தது, மணிக்கட்டு முறிந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடிக்க வேண்டும், ஹாண்டிலைச் சுற்றி வளைக்கக் கூடாது என்று தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எண்ணெய் மாற்றுவது புது வண்டிக்கு நானூறு ஐந்நூறு மைலில் ஒரு தடவை, அதற்கப்புறம் 750 மைலுக்கு ஒரு தடவை என்று அந்தப் புத்தகம் சொல்லிற்று. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினாலே அந்தக் கணக்கில் முக்கால் பங்கு முடிந்துபோகும். எரிந்த கரி எஞ்சினின் தலைக்குள்ளே அடை அடையாகப் படியும். அவ்வப்போது தலையைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மறுபடியும் பூட்ட வேண்டும். அதற்கும் புத்தகத்தில் கேள்வி பதில் உண்டு. இவ்வளவையும் ஒன்றரைக் கோடி ஜனங்கள் செய்தார்கள். முணுமுணுத்துக் கொண்டுதான் செய்திருப்பார்கள். ஆனால் தங்கள் வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிற்பட்ட சரித்திரம், இந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன சரித்திரம். 1912-ல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது; மணிக்கட்டுகள் பிழைத்தன. 1923-ல் எண்ணெய் வடிகட்டி வந்தது. எண்ணெயின் ஆயுசு நீண்டது. கோடைக்கு ஒரு கெட்டி எண்ணெய், குளிருக்கு ஒரு இளகல் எண்ணெய் என்று மாற்றிக் கொண்டிருந்ததை, இரண்டு காலத்துக்கும் பொருந்துகிற எண்ணெய் வந்து நிறுத்திற்று. பாயிண்டுகளைச் சுரண்டி இடைவெளி பார்க்கிற வேலையை 1970-களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் எடுத்துக் கொண்டது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பிளக்கின் முனையில் படிந்து தொல்லை கொடுத்தது. இந்தியா முழுவதிலும் 2000-ஆம் வருஷம் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் போனதில் பிளக்குக்கு வந்த லாபம் அற்பம். தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூளைக்கு வந்த லாபம்தான் பெரிது.

இந்த ஓட்டத்தில் நடுவே ஒரு தடங்கல் ஏற்பட்டது. அதுதான் இரண்டாவது மகா யுத்தம். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போயிற்று. இங்கிலாந்தில் 1942-ல் சொந்த உல்லாசத்துக்குப் பெட்ரோல் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் வண்டிகளைக் கட்டைமேல் ஏற்றி வைத்துத் துணி போட்டு மூடினார்கள். 1945-ல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ராணுவ உடையில் லாரிக்கு அடியில் படுத்துச் சக்கரம் கழற்றவும் பிளக் மாற்றவும் கற்றுக் கொண்டாள். பிற்பாடு எழுபது வருஷத்துக்கு மேல் ராணியாக இருந்த எலிஸபெத்தான் அந்தப் பெண். அவளுக்கு வாய்த்த உத்தியோகங்களில், கையால் செய்து முடித்ததைக் கண்ணால் பார்க்கக்கூடியது அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பஸ்கள் அடுப்புக் கரியில் ஓடின. மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனியார் கரி வாயு யந்திரங்களைச் செய்து கொடுத்தார்கள். பஸ்ஸின் முதுகில் ஒரு நீண்ட உருளை. அதற்குள் காற்றை அளவாக விட்டுக் கரியைப் புகைய வைத்தால், எரியக்கூடிய ஒரு வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பஸ் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்னதாகவே ஒருவர் துருத்தியைச் சுற்றிக் கொண்டிருப்பார். சாம்பலை அள்ள வேண்டும். வடிகட்டியில் படிந்த தூசியைத் தட்ட வேண்டும். ஒரு நாள் தட்டாவிட்டால் மறுநாள் எஞ்சின் மூச்சுத் திணறும். மேட்டில் பிரயாணிகள் இறங்கி நடப்பார்கள். ஃபிரெஞ்சுக்காரர்கள் 'ஷோஃபர்' என்று வைத்த பெயருக்கு நம் ஊர் டிரைவர்கள்தான் கடைசியில் அர்த்தம் கொடுத்தார்கள். யுத்தத்துக்கு முன்னாலிருந்தே பராமரிப்பில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் உண்டு. மாட்டு லாடத்து ஆணிகளால் டயர் கிழியாமல் இருக்க, சாலையில் காந்தத்தை இழுத்துக் கொண்டு போய் ஆணி பொறுக்கினார்கள் என்று முதியவர்கள் கதையாகச் சொல்வதுண்டு.

சுதந்திரத்துக்கு அப்புறம் நமக்கென்று ஒரு தனிச் சரித்திரம் ஏற்பட்டது. வெளிநாட்டு வண்டி வராது. உள்நாட்டிலோ கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே மூன்று. அதற்கும் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பேர் பதிந்தபோது பிறந்த குழந்தை, வண்டி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருக்கும். இப்படி வந்த வண்டியை யாராவது அலட்சியமாக வைத்துக் கொள்வார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூரிலோ திருச்சித் தில்லைநகரிலோ ஒரு தெருவில் நடந்தால், ஐந்தாறு வீடுகளில் பானெட் திறந்திருக்கும். வேஷ்டியை மடித்துக் கட்டிக் கொண்டு வீட்டு எஜமானர் உள்ளே எட்டிப் பார்த்துக் கொண்டிருப்பார். பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். விசிறி பெல்ட்டை விரலால் ஓர் அழுத்து. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. காபி ஆறிக் கொண்டிருக்கும். உள்ளேயிருந்து இரண்டாம் தடவை குரல் வரும். மாசத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் வருவார். வண்டிக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, கிரீஸ் கன்னை எடுத்து ஒவ்வொரு நிப்பிளாகப் பிடித்து அழுத்துவார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கிப் புது கிரீஸ் வெளியே தெரிகிற வரையில் விட மாட்டார். பாயிண்டு இடைவெளி அளக்க அவரிடம் ஃபீலர் கேஜ் இருக்காது. ஹாக்ஸா பிளேடை விட்டுப் பார்ப்பார். சரியாகத்தான் இருக்கும். அம்பாஸடரில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போடும் என்று கேலி செய்தார்கள். அந்தச் சத்தங்களில் எது வழக்கமான சத்தம், எது புதுச் சத்தம் என்று சொந்தக்காரருக்குத் தெரியும். வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லுவது மாதிரி.

சாமான் கிடைக்காத காலத்தில் சென்னைப் புதுப்பேட்டை ஒரு ஸர்வகலாசாலையாக இருந்தது. கண்டமாகிப்போன வண்டிகளை அக்கக்காகப் பிரித்து, எந்த நட்டு எந்த வண்டிக்குச் சேரும் என்று அங்கே மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இதே மாதிரி இன்னொரு தேசமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தியபிறகு, க்யூபா தீவில் அதற்கு முன்னால் வந்த அமெரிக்க வண்டிகளையே ரஷ்ய எஞ்சினும் சொந்தக் கைவேலையுமாகச் சேர்த்து ஓட்டிக் கொண்டு வந்தார்கள். அதைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் அது அழகு என்கிறார்கள். இல்லாமைதான் அங்கேயும் இங்கேயும் சிரத்தையைக் கற்றுக் கொடுத்தது. அந்த வறட்சி திரும்பி வர வேண்டும் என்று அம்பாஸடருக்குப் பணம் கட்டிக் காத்திருந்த ஒருவரும் சொல்ல மாட்டார்.

வறட்சி நீங்கிற்று. 1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 14-ந் தேதி தில்லியில் பிரதம மந்திரி இந்திரா காந்தி முதல் மாருதி 800 வண்டியின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். சாவியைத் திருப்பினால் கிளம்புகிற வண்டி. மழை நாளிலும் கிளம்புகிற வண்டி. கொஞ்சங் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமை பானெட்டுகள் மூடிக் கொண்டன. ஆயிரத்தில் இருந்த கணக்கு ஐயாயிரம் ஆயிற்று. இப்போது பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று சொல்லுகிறார்கள். கிரீஸ் நிப்பிள் இல்லை. பாட்டரிக்குத் தண்ணீர் இல்லை. கார்புரேட்டரும் இல்லை. திறந்து பார்த்தாலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாஸடர் செய்வதும் நின்றுபோயிற்று.

நல்லதுதான். ஆனால் வேலை நூற்றுக்குத் தொண்ணூறு போனபோது, பழக்கம் நூற்றுக்கு நூறும் போய்விட்டது. மிச்சமிருக்கிற பத்துத்தான் இப்போது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். பிரேக்குக்கு உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. காலால் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது அதுதான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும் சுபாவமுடையது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கிறது. மாற்றாவிட்டால் ஊருக்குள்ளே ஒன்றும் தெரியாது. உதகமண்டலத்திலிருந்து கல்லட்டி வழியாக, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால் தெரியும். பிரேக் சூடாகும், சூட்டில் திரவத்திலுள்ள ஈரம் கொதித்து ஆவியாகும், திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி நசுங்கிப் போகும். கால் பெடலோடு தரை வரையில் போகும், வண்டி நிற்காது. வண்டி புதிதா பழசா என்பது அப்போது கணக்கில்லை. பௌஷ்லாட் கிராமத்தில் ஒரு ஸ்திரீ வண்டியை நிறுத்திச் செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டதை நினைத்துக் கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

சர்க்காருக்கு வண்டியின் வயது தெரியும். அதை வைத்துக் கொண்டிருந்த கையைப் பற்றித் தெரிவதில்லை. நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதலில் பதினைந்து வருஷப் பதிவு. அதற்கப்புறம் பரீட்சை பார்த்து ஐந்தைந்து வருஷமாக நீட்டுகிறார்கள். தில்லி வட்டாரத்தில் அந்தச் சலுகையும் கிடையாது என்று ஆயிற்று. பத்து வருஷமான டீசல் வண்டியும் பதினைந்து வருஷமான பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அதன்பேரில் பிற்பாடும் வழக்கும் மாறுதலுமாக நடந்தது. தில்லியின் புகையை ஒரு குளிர்காலத்தில் சுவாசித்தவர்கள் அந்த உத்தரவைக் குறை கூற மாட்டார்கள். இருந்தாலும் இர்வ் கார்டனின் வண்டியை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதினைந்து வருஷக் கணக்குப்படி அது 1981-ல் சாலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அது முதல் பத்து லட்சம் மைலைத் தாண்டியதே 1987-ல்தான்.

அந்த வண்டியின் எஞ்சினை முதல் தடவையாக இறக்கிப் பார்த்தது 6,80,000 மைலில். அப்போதும் அவசரம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. இத்தனை தூரம் ஓடிவிட்டதே என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு அவர் தினமும் போக வர 125 மைல் ஓட்டினார். உத்தியோகம் முடிந்த பிறகு அமெரிக்காவின் பல ராஜ்யங்களை அதே வண்டியில் பார்த்தார். 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் காலமானார். அப்போது மீட்டரில் முப்பத்திரண்டு லட்சத்துக்குமேல் இருந்தது.

தில்லியில் முதல் மாருதியின் சாவியை வாங்கிக் கொண்ட ஹர்பால் சிங்கும் அந்த வண்டியை விற்கவில்லை. 2010-ல் காலமாகிற வரையில், இருபத்தாறு வருஷம் அதைத் தம்மோடு வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அது வீட்டு வாசலில், வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்றது. தகரம் துருப்பிடித்தது, சக்கரம் தரையில் அமிழ்ந்தது. இந்தியாவின் முதல் மாருதி இப்படிக் கிடக்கிறதே என்று பத்திரிகைகளில் படம் வந்தது. கம்பெனியார் அதை எடுத்துப் போய், பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து, வெள்ளை வர்ணம் பூசி, முதல் நாள் இருந்தது போலவே ஆக்கித் தங்கள் தலைமைக் காரியாலயத்தில் காட்சிக்கு வைத்தார்கள். DIA 6479 என்ற பழைய நம்பரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.